சங்கிலிப் படத்தைப் பகிரும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் அனிமே ரசிகர் குழுக்களை நடத்துவோருக்கும், அவற்றில் மீம் பகிரும் நண்பர்களுக்கும் வணக்கம்.

அனிமே எனப்படும் ஜப்பானிய அசைவூட்டத் தொடர்களைத் தயாரிக்கும் மாப்பா ஸ்டூடியோவின் முன்னோட்டம் எது வெளிவந்தாலும், சில நிமிடங்களுக்குள் நம் குழுக்களில் அதே படம் வந்துவிடுகிறது. நிலவறையில் சங்கிலியால் பிணைக்கப்பட்ட ஓவியர்கள், அவர்கள் தலைக்கு மேலே ஓங்கிய சாட்டை, கீழே 'மாப்பா அனிமேட்டர்களின் இன்றைய நிலை' என்றொரு வரி. இந்தப் படத்தை இனிப் பகிர வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

இந்த மீம் வெறுப்பில் பிறந்ததன்று என்பதை நான் அறிவேன். மசாவோ மருயாமா 2011இல் தொடங்கிய அந்த நிறுவனம், 2020 அக்டோபரில் ஜுஜுட்சு கைசென் தொடரையும், அதே ஆண்டு டிசம்பரில், அதுவரை விட் ஸ்டூடியோ உருவாக்கிவந்த அட்டாக் ஆன் டைட்டன் தொடரின் இறுதி சீசனையும் அடுத்தடுத்துக் கொண்டுவந்தபோது, இவ்வளவையும் யார், எப்போது வரைகிறார்கள் என்று நாம் எல்லோரும் வியந்தோம். அந்த வியப்புக்குள் உண்மையான கவலையும் இருந்தது. தொடரின் பெயரை மட்டும் மாற்றினால் எந்த அறிவிப்புக்கும் பொருந்திவிடும் என்பதால் படம் குழுவுக்குக் குழு தாவியது. கதையே தெரியாதவர்களும் அதைப் பகிர்ந்தார்கள். நானும் பகிர்ந்திருக்கிறேன்.

2023இன் இறுதியில் நிலைமை மாறியது. ஜுஜுட்சு கைசெனின் இரண்டாம் சீசனில் ஷிபுயா அத்தியாயங்கள் ஒளிபரப்பாகிக்கொண்டிருந்தபோது, அதில் பணிபுரிந்த அனிமேட்டர்கள் சிலர் தங்கள் சோர்வையும் காலநெருக்கடியையும் எக்ஸ் தளத்தில் தாங்களே எழுதினார்கள். அதுவரை நாம் கற்பனையாகச் சிரித்துக்கொண்டிருந்ததை, உழைத்தவர்களே தம் வாயால் சொன்ன தருணம் அது. அதற்குப் பிறகாவது மீம் நின்றிருக்க வேண்டும். மாறாக, அது இருமடங்கு வேகத்தில் பரவியது. அதைவிட என்னை வருத்தியது அதன் தொனியில் வந்த மாற்றம். 'இவ்வளவு வதைபட்டு வரைந்ததால்தான் சண்டைக்காட்சி இப்படி வந்திருக்கிறது' என்ற பெருமிதம் அதில் ஏறிக்கொண்டது. ஒரு மனிதரின் தூக்கமின்மை அந்தத் தொடரின் தரத்துக்குச் சான்றிதழாகவும் விளம்பரமாகவும் மாறிப்போனது. அந்தச் சண்டைக்காட்சிகளை உயிராக நேசிப்பவன் என்ற முறையில் இதை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்தப் படம் மறைக்கும் செய்தியும் ஒன்று உண்டு. சாட்டை ஒரே ஸ்டூடியோவின் கையில் இருப்பதாக அது காட்டுகிறது. ஆனால் பெரும்பாலான அனிமே தொடர்களுக்குப் பதிப்பகம், தொலைக்காட்சி, இசை, பொம்மை நிறுவனங்கள் சேர்ந்த தயாரிப்புக் குழுவே முதலீடு செய்கிறது. ஸ்டூடியோவுக்குப் பொதுவாகக் கிடைப்பது பேசி முடித்த தொகை. தொடர் எவ்வளவு சம்பாதித்தாலும், அந்தக் குழுவில் பங்கு இல்லாத ஸ்டூடியோவுக்கு லாபத்தில் பெரிதாக எதுவும் வருவதில்லை. 2022இல் வெளிவந்த செயின்சா மேன் தொடருக்கு மாப்பா தானே முழு முதலீட்டையும் போட்டது செய்தியானதற்குக் காரணம், அது அவ்வளவு அரிது என்பதுதான். ஜப்பானிய அனிமேட்டர்கள் சங்கம் 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, அத்துறையினரின் சராசரி உழைப்பு மாதத்துக்கு 230 மணிநேரம். நாளொன்றுக்கு எட்டு மணிநேரம் என்று வைத்தால், அது ஏறக்குறைய 29 நாள் வேலை; மாதத்தில் ஓரிரு நாளே விடுப்பாக மிஞ்சும். ஐக்கிய நாடுகள் அவையின் வணிகம், மனித உரிமைகள் பணிக்குழு ஜப்பான் பற்றி 2024இல் அளித்த அறிக்கையும் அனிமே துறையின் நீண்ட பணிநேரத்தையும், புதிதாகச் சேர்வோரின் குறைந்த ஊதியத்தையும் சுட்டிக்காட்டியது. இவை எந்த ஒரு ஸ்டூடியோவையும் பற்றிய எண்ணிக்கைகள் அல்ல, துறை முழுவதையும் பற்றியவை. மாப்பாவைக் குற்றமற்றது என்று நான் சொல்லவில்லை. அதன் பெயரை மட்டும் சொல்லிச் சிரித்துவிட்டு மற்ற எல்லோரையும் விட்டுவிடுகிறோம் என்கிறேன்.

குழு நிர்வாகிகளிடம் என் வேண்டுகோள் இதுதான். சங்கிலிப் படங்களை நீக்குங்கள். தங்கள் களைப்பைப் பற்றி எழுதும் அனிமேட்டர்களின் பதிவுகளுக்குக் கீழே போய் அந்தப் படத்தை ஒட்டுவதையும், அடுத்த சீசன் எப்போது என்று கேட்பதையும் நம் உறுப்பினர்கள் செய்யாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் வரைந்தவர்களின் பெயர்கள் ஓடுகின்றன. ஒரு காட்சியை வெட்டிப் பகிரும்போது, அதை வரைந்தவர் யாரென்று தெரிந்தால், அந்தப் பெயரையும் தமிழில் எழுதிச் சேர்த்துப் பகிருங்கள்.

இப்படிக்கு,
உங்களுள் ஒருவன்