வட்டியில்லாப் பிரிவு ஒன்றுக்கு அனுமதி கொடுங்கள்: ரிசர்வ் வங்கி ஆளுநருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆளுநர் அவர்களுக்கு,

வணக்கம். ராமநாதபுரம் மாவட்டக் கடலோர ஊர் ஒன்றில், ஜமாஅத் பைத்துல்மாலின், அதாவது பள்ளிவாசலைச் சேர்ந்த மக்களின் பொது உதவி நிதியின், கணக்கு வழக்குகளைப் பார்த்துக்கொள்பவன் நான். வட்டி வாங்காத, கொடுக்காத இஸ்லாமிய வங்கி முறையைக் கொண்டுவரும் யோசனையை மேற்கொண்டு தொடர்வதில்லை என்று முடிவெடுத்திருப்பதாக 2017 நவம்பரில், தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் வந்த ஒரு கேள்விக்கு உங்கள் வங்கி பதில் சொன்னது. வங்கிச் சேவை பெற எல்லாக் குடிமக்களுக்கும் பரவலான, சமமான வாய்ப்பு இருக்கிறது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

அந்தச் சமமான வாய்ப்பு எங்கள் தெருவுக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று சொல்கிறேன்.

எங்கள் தெருவில் ஒரு பெண்மணி. கணவர் சவூதியில் வேலை பார்த்த இடத்திலேயே மவுத்தாகிவிட்டார், இறந்துபோனார். கம்பெனி கொடுத்த பணம் வங்கிக்கு வந்தது. சேமிப்புக் கணக்கில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி ஏறுமல்லவா, அப்போதெல்லாம் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு என்னிடம் வருவார். வட்டி வரவான வரியைப் பென்சிலால் சுழித்துத் தரச் சொல்வார். அந்தத் தொகையை மட்டும் எடுத்து, தர்மம் செய்த நன்மையை எதிர்பார்க்காமல், இல்லாத யாருக்காவது கொடுத்துவிடுவார். டெபாசிட்டாகப் போட்டால் கூடுதல் வட்டி கிடைக்கும் என்று வங்கியில் சொன்னபோதும் வேண்டாம் என்று வந்துவிட்டார். விலைவாசி ஏற ஏறத் தன் பணம் கரைவது அவருக்குத் தெரியாமல் இல்லை. வட்டி ஹராம், மார்க்கம் தடுத்தது என்று வளர்ந்தவர். அவ்வளவுதான்.

அப்புறம் ஒரு கம்பெனி வந்தது. ஹலால் வியாபாரம், அதாவது மார்க்கம் அனுமதித்த வியாபாரம், லாபத்தில் பங்கு, மாதாமாதம் கையில் பணம் என்றார்கள். பத்திரத்தின் தலையில் பிஸ்மில்லாஹ் அச்சிட்டிருந்தது. சில மாதங்கள் ஒழுங்காகப் பணம் வந்தது. இப்போது அந்த அலுவலகம் பூட்டிக் கிடக்கிறது. புகார் கொடுக்க அவருக்குத் துணையாக நானும் போனேன். எழுதிக்கொண்ட அதிகாரி நல்லவர்தான், ஆதங்கத்தில் கேட்டார்: "ஏம்மா, பேங்க்ல போட்டிருக்கக் கூடாதா?" அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

அந்தக் கேள்வி உங்களிடம் கேட்கப்பட வேண்டியது, ஐயா. இந்த நாட்டு வங்கிகளில் எதில், எந்தக் கணக்கில் அவர் போட்டிருக்க முடியும்?

இது எங்கள் ஊரின் கதை மட்டுமல்ல. பெங்களூரில் இதேபோல் ஹலால் முதலீடு என்று பணம் திரட்டிய ஐஎம்ஏ நிறுவனம் 2019 ஜூனில் விழுந்தபோது பல்லாயிரம் குடும்பங்களின் சேமிப்பு போனது. அதை நடத்தியவர் துபாய்க்குப் போய், ஜூலையில் டெல்லி விமான நிலையத்தில் கைதானார். அதே ஆண்டு, முறைப்படுத்தப்படாத டெபாசிட் திட்டங்களைத் தடை செய்யும் சட்டம் வந்தது. வரவேற்கிறோம். ஆனால் போகக் கூடாத கதவை அடைத்தவர்கள், போகக்கூடிய கதவு ஒன்றைத் திறக்கவில்லையே. வட்டி வேண்டாம் என்கிறவர்களின் பணம் வேறு எங்கே போகும் என்று நினைத்தீர்கள்?

இதைச் சொல்வதற்கு உங்களுக்கு நான் தேவையே இல்லை. வட்டியில்லாச் சேவை இல்லாததால் மத நம்பிக்கை காரணமாகச் சிலர், அதிலும் ஏழைகள், வங்கிக்கு வெளியே நிற்கிறார்கள் என்று நிதித்துறைச் சீர்திருத்தங்களுக்கான ரகுராம் ராஜன் குழு 2008இல் எழுதியது. அந்த ராஜனே பின்னால் உங்கள் நாற்காலியில் உட்கார்ந்தார். 2015இல் உங்கள் வங்கி அமைத்த தீபக் மொகந்தி குழு, வழக்கமான வங்கிகளிலேயே வட்டியில்லாப் பிரிவு தொடங்கலாம் என்றது. உங்கள் வங்கியின் சொந்தத் துறைகள் சேர்ந்த குழுவும் அதைப் படிப்படியாகக் கொண்டுவரலாம் என்றது. இத்தனைக்கும் பிறகு வந்த முடிவு, தொடர்வதில்லை என்பது.

நாங்கள் இனாம் கேட்கவில்லை. எங்கள் ஊர் மீனவர் ஒருவருக்குப் படகு இன்ஜின் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வங்கி அதை 2 லட்சத்துக்கு வாங்குகிறது. அடக்க விலை இது, என் லாபம் இது என்று வெளிப்படையாகச் சொல்லி, 2 லட்சத்து 30 ஆயிரத்துக்கு அவரிடம் தவணையில் விற்கிறது. இதுதான் முராபஹா. பேசிய விலை பேசியதுதான். புயல் அடித்து இரண்டு மாதம் கடலுக்குப் போகாவிட்டாலும் அந்தத் தொகை குட்டி போடாது. வாடகைக்கு விட்டால் இஜாரா. முதல் போட்டு லாப நஷ்டம் இரண்டிலும் பங்கு எடுத்தால் முஷாரகா. வங்கிக்கு வருமானம் உண்டு, ஆனால் பொருளையோ தொழிலையோ தொட்டுத்தான் அது வர வேண்டும்.

இதற்கு முட்டுக்கட்டை எங்கே இருக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரியும். 1949ஆம் ஆண்டு வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, வங்கி சரக்கு வாங்கி விற்கக் கூடாது என்கிறது. 9ஆம் பிரிவு, வங்கி தன் சொந்தப் பயன்பாட்டுக்கு அல்லாத அசையாச் சொத்தை ஏழு ஆண்டுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்கிறது. சட்டம் மனிதன் எழுதியது, திருத்த முடியும். பிரிட்டனில் இப்படி வீடு வாங்கினால் வங்கிக்கு ஒருமுறை, வாங்குபவருக்கு ஒருமுறை என்று இரண்டு தடவை முத்திரை வரி விழுந்துகொண்டிருந்தது. 2003இல் அதை நீக்கினார்கள். 2014இல் அந்த அரசாங்கமே 20 கோடி பவுண்டுக்கு சுகூக் என்ற வட்டியில்லாப் பத்திரம் வெளியிட்டது. கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் 2005இல் வங்கிச் சட்டத்தைத் திருத்தினார்கள், 2011இல் அமானா வங்கி திறந்தது. மலேசியாவில் 1983 முதலே நடக்கிறது, அங்கே முஸ்லிம் அல்லாதவர்களும் வாடிக்கையாளர்கள். எகிப்தின் மித் கம்ர் என்ற சிற்றூரில் 1963இல் சிறு சேமிப்பாளர்களை வைத்துத் தொடங்கிய முயற்சி, இன்று உலகம் முழுவதும் 3 லட்சம் கோடி டாலருக்கு மேற்பட்ட சொத்துள்ள துறையாக வளர்ந்திருக்கிறது.

மதச்சார்பின்மைக்கு இடிக்குமே என்பார்கள். கேரளத்தில் அரசு நிறுவனம் ஒன்று இப்படிப்பட்ட நிதி நிறுவனத்தில் பங்கு சேர்வதை எதிர்த்துப் போட்ட வழக்கை 2011இல் அம்மாநில உயர் நீதிமன்றமே தள்ளுபடி செய்துவிட்டது.

எங்கள் ஆட்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. கம்பெனியின் வரவு செலவைக் கண்ணாலும் பார்க்காமல் மேடையேறி வாழ்த்திப் பேசிய ஆலிம்கள் என்கிற மார்க்க அறிஞர்கள், நோட்டீஸில் பெயர் போடச் சம்மதித்த பெரியவர்கள், யாரும் இன்று அந்த அம்மா வீட்டுப் பக்கம் போவதில்லை. பைத்துல்மால் நடத்துகிற நாங்களும் என்ன பெரிதாகச் செய்துவிட்டோம்? நகையை வாங்கிவைத்துக்கொண்டு வட்டியில்லாமல் இருபதாயிரம், முப்பதாயிரம் கொடுப்போம். பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் என்று வந்தாலே எங்கள் பெட்டி காலி. முத்ரா கடன், கல்விக் கடன் என்று அரசு ஒவ்வொன்றாக அறிவிக்கும்போதும் விண்ணப்பத்தை வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டு மடித்துவைக்கிற இளைஞர்களை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

சரி, கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்க வந்தது ஒன்றுதான். 2017ஆம் ஆண்டு முடிவை மறுபடி எடுத்துப் பாருங்கள். ஏதேனும் ஒரு பொதுத்துறை வங்கியில், முதலில் சில கிளைகளில் மட்டுமாவது, சோதனை முயற்சியாக ஒரு வட்டியில்லாப் பிரிவுக்கு அனுமதி கொடுங்கள். உங்கள் தணிக்கையும் உங்கள் கண்காணிப்பும் அப்படியே இருக்கட்டும். நாங்கள் தேடுவதே அதைத்தான். சட்டத் திருத்தம் வேண்டுமென்றால் நிதி அமைச்சகத்துக்கு எழுதுங்கள். முடியாது என்றால், அந்த அம்மாவைப் போன்றவர்கள் தங்கள் பணத்தை எங்கே வைக்க வேண்டும் என்பதையாவது தெளிவாகச் சொல்லுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பைத்துல்மால் கணக்கர் ஒருவர்,
ராமநாதபுரம் மாவட்டம்