ஏழாவது ஃபிரெட்டில் ஒரு வெயில்

அன்புள்ள முரளி,

உன் கடிதம் போன வாரம் வந்தது. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் வேளை தவறாமல் போடச் சொல். உன் விஷயம்தான் மனசை உறுத்துகிறது. கணக்கு, கையெழுத்து, கூட்டம் என்றே நாள் போகிறது, மிருதங்கத்தை உறையிலிருந்து எடுத்தே மாதக்கணக்காகிறது என்கிறாய். மாலதி கிடாரில் என்ன வாசிக்கிறாள் என்றும் கேட்டிருக்கிறாய். இரண்டுக்கும் சேர்த்து ஒரே பதில்: பீட்டில்ஸ் என்ற இங்கிலாந்து இசைக்குழுவின் ‘ஹியர் கம்ஸ் த சன்’.

கிடாரின் கழுத்தில் குறுக்கே ஓடும் கட்டைகளில் (ஃபிரெட்) ஏழாவதில், எல்லாத் தந்திகளையும் சேர்த்து அழுத்தும் கவ்வியான கேப்போவை மாட்டிக்கொண்டு அதைத்தான் சாயங்காலம் முழுக்க வாசிக்கிறாள். பாட்டை எழுதிய, அந்தக் குழுவின் கிடார் கலைஞர் ஜார்ஜ் ஹாரிசனும் அப்படித்தான் வாசித்தார். அங்கே மாட்டினால் தந்தியின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். விரல் பிடிப்பது டி கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் தொகுப்பு), காதில் விழுவது அதைவிட மேலே இருக்கும் ஏ மேஜர். ஒலி அவ்வளவு மேலே ஏறிவிடுவதால் சாதாரண கிடாரே பளிச்சென்று கேட்கிறது. அந்த முதல் சில நொடிகளிலேயே வெயில் வந்துவிடுகிறது, பாடுவதற்கு முன்னாலேயே.

இந்தப் பாட்டு பிறந்த கதையை நீ அவசியம் கேட்க வேண்டும். 1969 ஹாரிசனுக்கு நல்லபடியாகத் தொடங்கவில்லை. ஜனவரியில் ஒத்திகைக்கு நடுவே குழுவை விட்டே எழுந்து போய், சில நாள் கழித்துத் திரும்பினார். பிப்ரவரியில் டான்சில் அறுவை. மார்ச்சில் வீட்டில் போலீஸ் சோதனை, கைது. அதற்கு மேல் ஆப்பிள் வேறு. அவர்களே தொடங்கிய அந்த நிறுவனத்தில் பணம் கரைந்துகொண்டிருந்தது. நிர்வாகத்தை யாரிடம் ஒப்படைப்பது என்பதில் குழுவின் நால்வரில் பால் மெக்கார்ட்னி ஒரு பக்கம், ஹாரிசன், ஜான் லெனன், ரிங்கோ ஸ்டார் மூவரும் இன்னொரு பக்கம். இதில் கையெழுத்துப் போடு, அதில் கையெழுத்துப் போடு என்று ஆப்பிளுக்குப் போவதே பள்ளிக்கூடம் போவது மாதிரி ஆகிவிட்டதாக ஹாரிசன் பின்னாளில் எழுதினார். ஏப்ரலில் ஒரு நாள் ஆப்பிளுக்கு மட்டம் போட்டுவிட்டு, சரே பகுதியில் இருந்த நண்பர், கிடார் கலைஞர் எரிக் கிளாப்டன் வீட்டுக்குப் போய்விட்டார். இங்கிலாந்தின் நீண்ட குளிர்காலம் முடிந்து வெயில் அடிக்கிறது, கணக்கர்கள் யாரும் கண்ணில் படவில்லை. கிளாப்டனின் கிடார் ஒன்றை எடுத்துக்கொண்டு தோட்டத்தில் நடந்தபடியே வாசித்ததில் வந்த பாட்டு இது. மீதி வரிகளை ஜூனில் சார்டினியாவில் விடுமுறையில் இருந்தபோது முடித்தார்.

ஒலிப்பதிவு ஜூலை 7, ரிங்கோவின் பிறந்த நாள். ஸ்காட்லாந்தில் கார் விபத்தில் அடிபட்டிருந்த ஜான் லெனன் அன்று வரவில்லை. பாட்டில் அவர் எங்குமே இல்லை. ஹாரிசன் கிடார், பால் பேஸ் கிடார், ரிங்கோ டிரம்ஸ், மூன்றே பேர். கைதட்டலை அப்புறம் சேர்த்தார்கள். ஆகஸ்டில், தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் எழுதிக்கொடுத்த வாத்தியக் குழு இசை சேர்ந்தது. கடைசியாக ஹாரிசன், மின்னணுவில் ஒலி எழுப்பும் மூக் சிந்தசைசரை வாசித்தார். அந்தக் காலத்தில் அது ரொம்பப் புதிய கருவி. நடுப்பகுதியில் அது ஒவ்வொரு சுற்றிலும் மேலே ஏறுவதைக் கவனி.

அந்த நடுப்பகுதிக்காகத்தான் உனக்கு இவ்வளவும் எழுதுகிறேன். ‘சன்’ என்ற சொல்லை அடுக்கிக்கொண்டே போகும் இடம் அது. மேற்கத்திய இசையில் ‘எய்த் நோட்’ என்கிற சின்ன கால அளவை ஓர் எண்ணிக்கையாக வைத்துக்கொண்டால், முதலில் 11, அப்புறம் 8, அப்புறம் 7. மொத்தம் 26. நான் ‘தகிட தகிட தகிட தக’ என்று தட்டித்தான் அந்தப் பதினொன்றைப் பிடித்தேன். மூன்று ‘சன்’னும் மூன்று தகிடவில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஹாரிசன் ரவிசங்கரிடம் சிதார் கற்றவர், இந்தக் கணக்கு அங்கிருந்து வந்தது. ஏழரை எண்ணிக்கையில் ஒரு பாட்டு இருக்கிறது என்று ஹாரிசன் வந்து சொன்னபோது தனக்கு ஒன்றுமே புரியவில்லை என்று ரிங்கோ சொல்லியிருக்கிறார். ஆனால் வாசித்திருப்பதைக் கேள்! எங்குமே தடுமாற்றம் இல்லை. உலகத்தில் எத்தனையோ பேர் இதைக் குளியலறையில் பாடுகிறார்கள், உள்ளே இப்படி ஒரு கணக்கு ஓடுவது அவர்களுக்குத் தெரியவே வேண்டியதில்லை. சந்தோஷமான பாட்டு என்றால் லேசாகச் செய்துவிடலாம் என்பவர்களுக்கு நான் இந்த 26 எண்ணிக்கைகளைத்தான் போட்டுக் காட்டுவேன்.

இன்னொன்று. பல வருஷம் கழித்து ஹாரிசனின் மகன் தானியும் ஜார்ஜ் மார்ட்டினும் அவர் மகன் ஜைல்ஸும் இந்தப் பாட்டின் ஒலித்தடங்களைத் தனித்தனியே ஏற்றி இறக்கிக் கேட்டார்கள். அப்போது இறுதி வடிவத்தில் சேர்க்காமல் விட்ட ஒரு கிடார் சோலோ கிடைத்தது. அதைப் படமும் பிடித்திருக்கிறார்கள். ஹாரிசன் 2001-லேயே போய்விட்டார். அப்பா வாசித்து யாரும் கேட்காமல் கிடந்ததை மகன் கேட்கிறார். நான் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

அன்றைக்கு இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இதைத் தனி சிங்கிளாக வெளியிடவில்லை. ‘அபே ரோடு’ இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்தில் முதல் பாட்டு, அவ்வளவுதான். லெனன், மெக்கார்ட்னி பாட்டுகளுக்கு நடுவே இடம் கிடைக்கவே காத்திருந்தவர் எழுதியது. ஆனால் ஸ்பாட்டிஃபையில் 100 கோடி முறை கேட்கப்பட்ட முதல் பீட்டில்ஸ் பாட்டு, 2023-ல், இதுதான். எனக்கு அந்த எண்ணிக்கையைவிட 2020-ல் நடந்தது பெரிதாகப் படுகிறது. நியூயார்க் பக்கத்துச் சில மருத்துவமனைகளில் கொரோனா நோயாளி குணமாகி வீட்டுக்குக் கிளம்பும்போதெல்லாம் ஒலிபெருக்கியில் இதைப் போட்டார்கள். இரவு பகலாக வேலை பார்த்த செவிலியர்களுக்கு, ஒருவர் பிழைத்துப் போகிறார் என்ற செய்தி இந்தப் பாட்டாகவே வந்தது.

சரி, உன் கதைக்கு வருகிறேன். அடுத்த மாதம் வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய், அந்தக் கூட்டம் இந்தக் கூட்டம் என்று தள்ளிப்போடாதே. மிருதங்கத்தையும் தூக்கிக்கொண்டு வா. மாலதிக்கு அந்தப் பதினொன்றுக்கு அப்புறம் வரும் எட்டில் இன்னும் கை தாளத்தை முந்தி ஓடுகிறது, நீ பக்கத்தில் உட்கார்ந்து தட்டினால் நின்றுவிடும். டிக்கெட் எடுத்ததும் தேதியைச் சொல். அம்மாவிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
சேது