மாப்ள, அந்த மேக்னத்தை விட்டுவிடு

பாமர்ஸ்டன் நார்த், நியூசிலாந்து

அன்புள்ள மாப்ள,

தீபாவளிக்கு வாழ்த்து அனுப்பியதோடு சரி, அதற்கப்புறம் நான் எழுதவில்லை. நேற்று உன் கடிதத்தைப் படித்தபிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. இங்கே எல்லோரும் நலம். பெரியவள் படிக்க வெலிங்டன் போய்விட்டாள். சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து பேசினார், அதே பழைய பாட்டுதான்.

உனக்குத் துப்பாக்கி லைசென்ஸ் வந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். அதிகாரி வீட்டுக்கு வந்து தங்கச்சியைத் தனியாக உட்காரவைத்து உன்னைப் பற்றி விசாரித்தாரே, அவள் என்ன சொன்னாள் என்பதை மட்டும் ஏன் எழுதவில்லை? சரி, அவளிடமே கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மான் வேட்டைக்கென்று கடைக்காரர் .300 வின்செஸ்டர் மேக்னம் என்ற கூடுதல் வேகத் தோட்டா போடும் ரைஃபிளைக் காட்டினார், அதற்கே முன்பணம் கட்டலாமா என்று கேட்டிருக்கிறாய். கட்டாதே. சுடும்போது அது தோளில் கொடுக்கும் உதை, சாதாரண வேட்டைத் தோட்டாவான .308-இன் உதையைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. புதிதாகச் சுடுகிறவன் நாலு தோட்டாவிலேயே அந்த உதைக்குப் பயந்துவிடுவான். அப்புறம் விசையை இழுக்கும் முன்பே கண் மூடும், தோள் சுருங்கும், குறி விலகும். கண்ணை ஸ்கோப்புக்கு மிக அருகே வைத்துச் சுட்டால் புருவத்தில் பிறைபோல வெட்டு விழும். அப்படிப்பட்ட புருவங்களை இங்கே கிளப்பில் பார்த்திருக்கிறேன். மானுக்கு உயிர்நிலை என்பது நெஞ்சுக்கூட்டில் சாப்பாட்டுத் தட்டளவு இடம். அங்கே படாமல் வயிற்றில் பட்டால் எந்த மேக்னமும் அதற்கு விடுதலை தராது. அது அடிபட்டபடியே புதருக்குள் ஓடி மணிக்கணக்கில் துடிக்கும். அதனால் சொல்கிறேன், பயமில்லாமல் சுட முடிகிற துப்பாக்கிதான் உனக்கு நல்ல துப்பாக்கி.

இன்னொன்று. கடைக்காரர் காட்டியது வலதுகைக்காரருக்கான போல்ட்தானே, அதாவது தோட்டாவை ஏற்ற இழுக்கும் கைப்பிடி வலப்பக்கம் இருப்பது? நீ இடதுகைக்காரன் என்பது ஆஸ்டல் மைதானத்துக்கே தெரியும், கடையில் சொல்ல உனக்கு வாய் வரவில்லையா? டிக்கா டி3எக்ஸ் ரைஃபிளில் இடதுகை மாடல் உண்டு, கேட்டால் வரவழைத்துத் தருவார்கள். பின்லாந்துத் தயாரிப்பு. லைட் மாடல் 3 கிலோவுக்குள்தான் இருக்கும், நாள் முழுக்க மலை ஏறினாலும் தோள் வலிக்காது. பணம் இடித்தால் ஜப்பானின் ஹோவா 1500-ம் உழைக்கிற துப்பாக்கிதான், கொஞ்சம் கனம். எதுவானாலும் தோளில் வைத்துப் பார்க்காமல் வாங்காதே. கண்ணை மூடிக்கொண்டு தோளில் ஏற்று. கண்ணைத் திறக்கும்போது கழுத்தை நீட்டாமலே ஸ்கோப்பில் முழு வட்டமும் தெரிய வேண்டும். உன் உயரத்துக்கு, தோளில் பதியும் பின்கட்டை நீளமாக இருக்க வாய்ப்பு அதிகம். அதைக் குறைத்துத் தருவார்கள்.

தோட்டா .308 போதும். 1952-இல் வந்தது, எந்தச் சின்ன ஊர்க் கடையிலும் கிடைக்கும். உதை இன்னும் குறைவாக வேண்டுமென்றால் 7 எம்.எம்-08, அல்லது .243. உங்கள் பக்கத்துக் காடுகளில் பெரும்பாலும் 100 மீட்டருக்குள்தான் சுட வேண்டியிருக்கும். 100 மீட்டருக்குக் குறி சரிசெய்த .308 தோட்டா 200 மீட்டரில் ஒரு சாண்கூடத் தாழாது. 3 முதல் 9 மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டும் சாதாரண 3-9 ஸ்கோப் போதும். குழல் முனையில் மாட்டிச் சத்தத்தைக் குறைக்கும் சப்ரஸர் கட்டாயம் போடு, இங்கே அதற்குத் தடை இல்லை. காதுக்கும் நல்லது, உதையும் குறையும்.

மேக்னத்தை விட்டதில் மிஞ்சும் பணத்தில் நல்ல பைனாகுலர் வாங்கு. இதைத்தான் உன்னிடம் கெஞ்சிக் கேட்கிறேன். புதியவர்கள் ரைஃபிளுக்கே எல்லாப் பணத்தையும் கொட்டிவிட்டு, புதரில் ஏதாவது அசைந்தால் ஸ்கோப்பைத் தூக்கிப் பார்க்கிறார்கள். ஸ்கோப்பில் பார்ப்பது என்றால், அங்கே இருப்பது யாரென்று தெரியும் முன்பே துப்பாக்கியை அவர் நெஞ்சுக்கு நேராக நீட்டிவிட்டாய் என்று அர்த்தம். இந்த நாட்டில் மான் என்று நினைத்து மனிதனைச் சுட்ட கதைகள் எத்தனையோ. செத்தவர் பல சமயம் கூடவே காட்டுக்குப் போன நண்பர், அண்ணன், தம்பி. சுட்டவர்கள் குடிகாரர்களோ முரடர்களோ இல்லை. மானைப் பார்க்க வேண்டும் என்று மனம் துடிக்கும்போது, பழுப்பாய் எது அசைந்தாலும் கண் அதற்குக் கொம்பு வைத்துவிடுகிறது. முழு மிருகமும் தெரிய வேண்டும். தலை, கழுத்து, தோள் எல்லாம். ஏழு பாதுகாப்பு விதிகளை நீ பரீட்சைக்கு ஒப்பித்திருப்பாய். சந்தேகத்துக்கு இடமின்றி இலக்கை அடையாளம் காண் என்ற அந்த ஒன்றை மட்டும் காட்டில் ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்லிக்கொள். ஆரஞ்சுச் சட்டையும் போட்டுக்கொள்.

ஒவ்வொரு முறை சுட்டதும் அடுத்த தோட்டா தானே ஏறும் செமி ஆட்டோமேட்டிக் பற்றியும் கேட்டிருந்தாய். 2019 மார்ச்சில் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேர் கொல்லப்பட்டபிறகு, சின்ன .22 போன்ற சிலவற்றைத் தவிர மற்றதையெல்லாம் தடை செய்துவிட்டார்கள். சரியாகத்தான் செய்தார்கள். வேட்டைக்கு அது தேவையும் இல்லை. வாங்கும் துப்பாக்கியைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும், மறக்காதே. போல்ட்டைக் கழற்றித் தனியாகவும் தோட்டாவைத் தனியாகவும் பூட்டி வை. சின்னவளுக்குச் சாவி இருக்குமிடம் தெரியவே கூடாது.

பிப்ரவரியில் இங்கே வா. ஆண் மான்கள் துணை தேடிக் கத்தும் ரோர் சமயம் வேண்டாம், மார்ச் கடைசியிலிருந்து காடு முழுக்க ஆட்கள். முதலில் என் .22-இல் முயல் சுட்டுப் பழகு, அப்புறம் கிளப்பில் என் .308-ஐச் சுட்டுப் பார். போல்ட் வலதுகைக்குத்தான், ஆனாலும் உதை தெரிந்துவிடும். பிறகு இங்கே பக்கத்து ருவாஹினே மலைக்குப் போகலாம். வேட்டை பர்மிட் இணையத்தில் இலவசம். மானே கிடைக்காவிட்டாலும் இரண்டு நாள் பைனாகுலரில் பார்க்கக் கற்றுக்கொள்வாய்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறேன். அதுவரை அந்தக் கடைப்பக்கம் போகாதே. தங்கச்சிக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பு.

உன்
பழைய ரூம்மேட்