மீன் வாயில் இருப்பவர் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் நெதர்லாந்தின் பழங்கால பைபிள் டைல்ஸ் (பைபிள் காட்சிகள் வரைந்த சுவர் ஓடுகள்) பற்றி எழுதி, ஒரு படத்துக்கு ‘கடல்மேல் நடக்கும் இயேசு’ என்று குறிப்புப் போட்டிருக்கிறீர்கள். படத்தில் இருப்பவர் இடுப்புவரை மீன் வாயில் இருக்கிறார். அந்த நிலையில் எப்படி நடப்பார் என்பதைத் தங்கள் உதவி ஆசிரியர்தான் விளக்க வேண்டும். ஞாயிறு பள்ளிக் குழந்தையைக் கேட்டாலும், மீன் விழுங்கிக் கக்கிய யோனா என்று சொல்லும். டைலில் படத்துக்குக் கீழேயே யோனா 2, வசனம் 10 என்று பைபிள் இடம் எழுதியிருக்கிறது. டச்சு தெரியாவிட்டால் போகிறது, எண்கூடவா தெரியாது?

அடுத்த கண்டுபிடிப்பு, மூலைகளில் உள்ள பொடித் துளைகள் சுவரில் ஆணி அடித்ததால் வந்தவையாம்! நான் விருத்தாசலத்தில் செராமிக் தொழிலிலேயே தலை நரைத்தவன். மகள் வீட்டுக்குப் போனபோது நெதர்லாந்தின் ஓட்டர்லோ ஊர் டைல்ஸ் அருங்காட்சியகத்தில், ‘போதும் வாங்கப்பா’ என்று அவள் இழுக்கும்வரை நின்று பார்த்தவன். களிமண் தகட்டின்மேல் பலகையை வைத்துச் சுமார் 13 செ.மீ. சதுரமாக அறுப்பார்கள். பலகை நழுவாமலிருக்க அதில் அடித்த சின்ன ஆணிகளின் தடம்தான் அது. சுவரில் காரை வைத்துத்தான் பதித்தார்கள். ஒருமுறை சுட்டு, வெள்ளீயம் சேர்ந்த வெள்ளை கிளேஸ் (சுட்டால் கண்ணாடிபோல் ஆகும் பூச்சு) கொடுத்து, ஊசியால் குத்திய தாளை வைத்துக் கரித்தூள் தட்டுவார்கள், நம் வீட்டுக் கோல அச்சு மாதிரி. அந்தப் புள்ளிகளைப் பிடித்துக்கொண்டு கோபால்ட் நீலத்திலோ மாங்கனீஸ் ஊதாவிலோ வரைய வேண்டும். சுடாத கிளேஸ் சாயத்தைச் சட்டென்று குடித்துவிடும். தப்பாக இழுத்தால் அழிக்க முடியாது. பிறகு மறுபடி சூளை. இதைப் பற்றி ஒரு வரி உண்டா? விலை மட்டும் பக்கத்துக்குப் பக்கம்.

எல்லாமே டெல்ஃப்ட் என்ற ஒரே டச்சு ஊரில் செய்தவை என்றதையும் பொறுத்துக்கொள்கிறேன். இதே டைல்ஸைச் செய்த ராட்டர்டாம், உட்ரெக்ட், ஹார்லிங்கன், மக்கும் (Makkum) ஆகிய மற்ற டச்சு ஊர்களின் கைவினைஞர்கள் வழக்குப் போட வரப்போவதில்லை.

தங்களுக்கு நினைவிருக்கும், பழவேற்காட்டு டச்சுக் கல்லறையை ‘ஆங்கிலேயர் கல்லறை’ ஆக்கியதும் இதே பத்திரிகைதான். அன்றும் எழுதினேன். கடிதம் வெளிவந்தது. திருத்தத்தை வெட்டிவிட்டு, ‘இதழ் அருமை’ என்ற முதல் வரியை மட்டும் என் பெயரோடு போட்டிருந்தீர்கள்.

இந்த முறை அப்படி எடுத்துப் போட வசதியான வரி எதையும் எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

அடுத்த இதழில் படக்குறிப்பை மட்டுமாவது திருத்துங்கள். ராசிபலனுக்குக் கீழே பொடி எழுத்தில் போட்டாலும் சரி.

இப்படிக்கு,
வாசகர், விருத்தாசலம்