அண்ணன் கையும் 57 மார்க்கும்

அன்புள்ள மாலதி,

நீ போன் செய்தபோது என்னால் சரியாகப் பேச முடியவில்லை. பக்கவாதம் வந்து படுத்த அண்ணன் இப்போது நடக்கிறான். பேச்சும் தெளிந்துவிட்டது, வாய்த்துடுக்கு உட்பட. வலது கைதான் பாக்கி.

அந்தக் கைக்கு வைக்கிற பரீட்சையைப் பற்றி உன்னிடம் புலம்ப வேண்டும். பிசியோதெரபிக்குக் கூடப் போய் உட்கார்ந்து எனக்கே பாதிப் பாடம் வந்துவிட்டது. ஏ.ஆர்.ஏ.டி. என்று ஒன்று, 1981-இல் லைல் என்பவர் வெளியிட்டது. 19 வேலைகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, முழு மார்க் 57. மரக்கட்டைகளை எடுத்து மேல்தட்டில் வைக்க வேண்டும், ஒரு டம்ளர் தண்ணீரை இன்னொன்றில் ஊற்ற வேண்டும், கோலிக்குண்டை இரண்டு விரலால் கிள்ளி எடுக்க வேண்டும். கிரிக்கெட் பந்தும் உண்டு! அதைக் கண்டதும் நம் ஆள், “லெக் ஸ்பின்னா, ஆஃப் ஸ்பின்னா?” என்றான். தெரபிஸ்ட் பெண் சிரிக்கவே இல்லை. காலேஜ் வாசலிலும் அவன் ஜோக்குக்கு அதே கதிதானே.

மார்க் ஏறிக்கொண்டே போகிறது. டாக்டருக்குச் சந்தோஷம், அவனுக்குப் பெருமை. வீட்டுக்கு வந்தால் கை மடியிலேயே கிடக்கிறது. சட்டைப் பட்டனை அண்ணிதான் போட்டுவிட வேண்டும். சாப்பாடு இடது கையில், ஸ்பூனால். விசேஷ வீடுகளுக்கு வர மாட்டேன் என்கிறான். பந்தியில் இடது கையால் சாப்பிட வெட்கம். சோறு பிசைவதற்கு அந்தப் பரீட்சையில் மார்க்கே இல்லை மாலதி. நம் ஊரில் முதல் கேள்வியே அதுவாக இருக்க வேண்டாமா?

சோம்பேறித்தனம் என்று கத்திவிட்டேன். அதற்குத் தெரபிஸ்ட் சொன்னது வேறு. ஆரம்பத்தில் முயன்று முயன்று தோற்றதால் அந்தக் கையை ஒதுக்கியே பழகிவிடுகிறார்களாம். பிறகு பலம் திரும்பினாலும் பழக்கம் போவதில்லை. எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் முதலில் குரங்குகளிடம் இதைப் பார்த்திருக்கிறார். நல்ல கைக்கு உறை மாட்டி, பலவீனமான கையை வேலை வாங்கும் சிகிச்சை அதிலிருந்து வந்ததுதான். ஆக, கையால் என்ன முடியும் என்பது ஒன்று, அது வீட்டில் என்ன செய்கிறது என்பது இன்னொன்று. 57 மார்க் அளப்பது முதலாவதை மட்டும்.

இரண்டாவதற்கும் கேள்வித்தாள் இருக்கிறது. விளக்கு சுவிட்ச் போட்டாயா, பல் தேய்த்தாயா, எவ்வளவு நன்றாக என்று கேட்டு 0 முதல் 5 வரை போடுவார்கள். அண்ணன் எல்லாவற்றுக்கும் “நாலு” என்றான். பின்னால் அண்ணி செருமியதும் மூன்றானது.

இரண்டு மணிக்கட்டிலும் கடிகாரம் போலக் கட்டி, எந்தக் கை எவ்வளவு அசைகிறது என்று ஒப்பிடும் கருவியும் இருக்கிறதாம். நடக்கும்போது வீசுகிற கையையும் அது வேலை என்று கணக்கு வைத்துக்கொள்ளும். அவனோ வாசலில் நாளெல்லாம் நடக்கிறவன். ஆனாலும் அவன் வாய்க்கணக்கைவிட மேல். உங்கள் ஆஸ்பத்திரியில் அது இருக்கிறதா, சில நாள் கொடுப்பார்களா என்று விசாரித்துச் சொல். அவனிடம் மட்டும் இப்போதைக்கு வாய் திறக்காதே.

உன் மாமியார் எப்படி? பழைய ராஜ்யம்தானா?

அன்புடன்,
சுகந்தி