கடல் வந்துபோகும் குளம்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி ஆபரேஷன் தள்ளிப்போயிற்று, நீயானால் கிணற்றடி வரை நடக்கிறாயாம். திட்டுவதற்கு நான் பக்கத்தில் இல்லை என்ற தைரியம்தானே!

டோக்கியோவில் பையன் வீட்டுக்கு வந்து மூன்று வாரமாகிறது. நேற்று தனியாக ஹமாரிக்யூ தோட்டத்துக்குப் போனேன். முன்பு ஜப்பானை ஆண்ட படைத்தலைவர்களான ஷோகன்களின் கடலோர மாளிகை இருந்த இடம். 1946இல்தான் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். நுழைவு 300 யென். அறுபத்தைந்து தாண்டியவர்களுக்குப் பாதி. கிழவனானதில் ஒரு லாபம்.

உனக்கு எழுத உட்கார்ந்ததே மதகுக்காகத்தான். நடுவிலுள்ள பெரிய குளத்தில் இருப்பது கடல்நீர். ஓதம் ஏற இறங்க, மதகைத் திறந்து மூடி மட்டத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள். காலையில் கரைக்கல்லெல்லாம் கறுப்புப் பட்டை, அதில் சிப்பி. இவ்வளவு பேர்பெற்ற குளம் இப்படியா என்று முகம் சுளித்தேன். மூன்று மணிக்குத் திரும்பி வந்தால் பட்டையைக் காணோம்! தண்ணீர் ஏறி மூடிவிட்டது. ஒரு மடவை மீன் துள்ளி விழுந்தது. பின்னாலிருக்கும் கண்ணாடிக் கட்டடங்களெல்லாம் குளத்துக்குள் ஆடின.

அப்புறம், வாத்து வேட்டைக் குட்டை. 1778இல் வெட்டியது. மண்மேட்டுக்குப் பின்னால் மறைவிடம், அதில் பார்க்க ஒரு சின்னத் துளை. பலகையைத் தட்டி, குதிரைவாலி மாதிரி தானியத்தைத் தூவுவார்களாம். பழக்கிய வாத்து தீனிக்காக ஒடுக்கமான வாய்க்காலுக்குள் வர, காட்டு வாத்தும் பின்னாலேயே வந்து மாட்டிக்கொள்ளும். துளையில் கண்ணை வைத்துப் பார்த்தேன். ஏனோ கூச்சமாக இருந்தது. செத்த வாத்துகளின் ஆன்மா சாந்தியடைய 1935இல் கல் நட்டிருக்கிறார்கள். அந்த ஊட்டி வளர்த்த வாத்துக்கு என்ன கல் நடுவது?

இன்னொன்று, நம்பமாட்டாய். எட்டாவது ஷோகன் யோஷிமுனே காலத்தில் வியட்நாமிலிருந்து வந்த யானையை இங்கேதான் கட்டியிருந்தார்கள். நாகசாகியில் கப்பல் இறங்கி, 1729இல் நடந்தே இந்த ஊருக்கு வந்ததாம்.

குளத்து நடுவே தேநீர்க்கூடம். செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயில் உட்கார வேண்டும். மாட்சா என்கிற பச்சைத் தேயிலைப் பொடித் தேநீர் கசப்புதான், முதலில் இனிப்பைத் தின்றால் சரியாக இருக்கிறது. எழுந்திருக்கும்போது என் முட்டியும் உன் முட்டியைப்போல முனகியது.

மதகின் ஷட்டர் கையால் சுற்றுவதா, மோட்டாரா என்று நீ கேட்பாய். எட்டி எட்டிப் பார்த்தேன், தெரியவில்லை. அடுத்த வாரம் பையனைக் கூட்டிப்போய் யாரிடமாவது கேட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
ராமு