மேரி டயரின் மகன் கொடுத்த மனு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே அனைவரும் நலம். ஆறு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லையே என்று குறை சொல்ல இதை எழுதவில்லை. உனக்கு வேலை இருக்கும். பாஸ்போர்ட்டின் நகல் ஒன்றை எப்போதும் கைப்பையில் வைத்துக்கொள்.

நாங்கள் வந்திருந்தபோது, பாஸ்டனில் மாநில அரசுக் கட்டடத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்ணின் சிலையைக் காட்டி, குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர் என்பதற்காகவே இதே ஊரில் தூக்கிலிடப்பட்ட மேரி டயர் இவர்தான் என்று பெருமையாகச் சொன்னாய். "இவள் பிள்ளைகளை யார் பார்த்துக்கொண்டார்கள்?" என்று உன் அம்மா கேட்டதும் நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் இத்தனை நாளும் படித்துக்கொண்டிருந்தேன்.

மேரியும் கணவர் வில்லியமும் லண்டனிலிருந்து 1635இல் பாஸ்டனுக்கு வந்தார்கள். இரண்டு ஆண்டுகளில் மேரிக்கு ஒரு பெண் குழந்தை உருக்குலைந்து, இறந்தே பிறந்தது. அவர்கள் அப்போது அங்கிருந்த பாதிரியார்களை எதிர்த்துப் பேசிய ஆன் ஹட்சின்சன் என்ற பெண்மணியின் பக்கம் நின்றதால், ஆளுநர் வின்த்ரோப், புதைத்த குழந்தையைத் தோண்டியெடுக்கச் செய்து, தவறான கொள்கைக்குக் கடவுள் தந்த தண்டனை என்று ஊரறியச் செய்தார். பெற்றவளுக்கு அதைவிடக் கொடுமை உண்டா? 1638இல் ரோட் தீவுக்குப் போய், போர்ட்ஸ்மத், பிறகு நியூபோர்ட் என்ற ஊர்களை உருவாக்கியவர்களில் வில்லியமும் ஒருவர். வெளியேற்றப்பட்ட இடத்தில் சண்டை போடாமல் புது ஊர் கட்டிய மனிதர் என்பதால், தகப்பன் என்ற முறையில் எனக்கு மேரியைவிட அவரே நெருக்கமாகத் தோன்றுகிறார்.

1650களின் தொடக்கத்தில் மேரி இங்கிலாந்து போனபோது ஆறு பிள்ளைகள் இருந்தார்கள். கடைக்குட்டி சார்லஸுக்கு அப்போது ஏறத்தாழ இரண்டு வயது. அங்கேதான் அவர் குவேக்கரானார். ஒவ்வொருவர் உள்ளத்திலும் இறைவனின் ஒளி உண்டு, நடுவில் பாதிரியார் வேண்டாம், பெண்ணும் எழுந்து பேசலாம் என்பது அவர்கள் நம்பிக்கை. 1657இல் திரும்பிய மேரியைப் பாஸ்டனில் இறங்கியதுமே சிறையில் அடைத்தார்கள். வழியில் எந்த ஊரிலும் தங்க மாட்டாள், யாரிடமும் பேச மாட்டாள் என்று உறுதி கொடுத்து வில்லியம் அழைத்துப்போனார். நியூபோர்ட்டில் குவேக்கர்களை யாரும் தொடவில்லை. நாடு கடத்தப்பட்ட குவேக்கர் திரும்பி வந்தால் மரணம் என்று 1658இல் பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸ் சட்டம் போட்ட பிறகும் மேரி பாஸ்டனுக்குப் போனார். போகாமல் இருந்திருக்கலாமே என்றுதான் ஒவ்வொரு முறை படிக்கும்போதும் மனம் அடித்துக்கொள்கிறது. நீயும் கூட்டங்களுக்குப் போகும்போது தனியாகப் போகாதே. அந்த நகலை மறக்காதே.

1659 அக்டோபர் 27 அன்று வில்லியம் ராபின்சன், மார்மடியூக் ஸ்டீவன்சன் என்ற இரண்டு குவேக்கர்களை மேரியின் கண்முன்னே தூக்கிலிட்டார்கள். அவர் கழுத்திலும் கயிறு ஏறி, முகத்தையும் துணியால் மூடிய பிறகு, தண்டனை நிறுத்தப்பட்டது என்றார்கள். மகன் வில்லியம் கொடுத்த மனுவை ஏற்று நீதிமன்றம் சில நாட்களுக்கு முன்பே அப்படி முடிவு செய்திருந்தது. மேரிக்கு மட்டும் தெரியாது. மறுநாளே, அந்த இரக்கத்தை ஏற்க மறுத்து நீதிமன்றத்துக்கு எழுதினார். குளிர்காலத்தை ஷெல்டர் தீவில் கழித்துவிட்டு, கணவரிடம்கூடச் சொல்லாமல் 1660 மே மாதம் பாஸ்டனுக்குத் திரும்பினார். கணவர் வில்லியம், அரை ஆண்டுக்கு மேலாக அவளை நான் பார்க்கவில்லை என்று சொல்லி, மனைவியின் உயிரைக் கேட்டு ஆளுநருக்குக் கடிதம் எழுதினார். இம்முறை பலிக்கவில்லை. ஜூன் 1 அன்று தூக்கிலிட்டார்கள்.

அம்மாவிடம் நான் சொன்ன விடை இதுதான்: பிள்ளைகள் வீணாகிவிடவில்லை. மூத்தவன் சாமுவேல் அதே ஆன் ஹட்சின்சனின் பேத்தியை மணந்தான். மனுக் கொடுத்த வில்லியம் 1680இல் நியூயார்க்கின் மேயரானான். உன் அம்மா சமாதானமாகவில்லை. நானும்தான்.

அந்த மகனைத் தாண்டி என்னால் மேலே போக முடியவில்லை, பாப்பா. நீ இரண்டாம் ஆண்டு படித்தபோது கல்லூரியிலிருந்து நீக்கி, மன்னிப்புக் கேட்டால்தான் சேர்ப்போம் என்றார்கள், நீ மறுத்தாய். மூன்றாம் நாள் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டார்கள். வளைந்து கொடுக்காமலே வென்றேன் என்று இன்றுவரை நீ சொல்லி வருகிறாய், உன் அண்ணன் பிள்ளைகளுக்கும் சொல்லியிருக்கிறாய். அந்த மன்னிப்புக் கடிதத்தை எழுதியவன் நான். உன் கையெழுத்தையும் நானே போட்டேன். உன் படிப்பு கெட்டுவிடக் கூடாது என்ற பயம்தான் காரணம் என்றாலும், உன் பெயரை உன்னைக் கேட்காமல் எடுத்துக்கொண்டது தவறு. நீ நிமிர்ந்து அதைச் சொல்லும் போதெல்லாம் நான் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவேன். நீ கவனித்திருப்பாயோ என்னவோ.

இப்போது அங்கே என்ன நடக்கிறது என்று நான் கேட்கவில்லை. ஏதோ ஒரு தாளில் நீ கையெழுத்துப் போட வேண்டியிருப்பதாகவும், உன்னைச் சம்மதிக்க வைக்க ஒரு வக்கீலிடம் நான் பேச வேண்டும் என்றும் உன் அண்ணன் சொல்கிறான். நம்பரும் அனுப்பியிருக்கிறான். நீ சொல்லும்வரை அவரை அழைக்க மாட்டேன்.

கைப்பையில் அந்த நகல் இருக்கட்டும்.

அப்பா